இடது பக்கம் வெயில் படாது

இடது பக்கம் வெயில் படாது என்று எழுதிவிட்டேன். எழுதியதோடு நிற்கவில்லை, அனுப்பியும் விட்டேன். என் பெயரோடு, பெயருக்குப் பக்கத்தில் நிர்வாகி என்ற சின்னப் பச்சைப் பட்டையோடு, அது இணையப் பலகையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. மதுரையிலிருந்து காலையில் திருநெல்வேலிக்கு வரும் பஸ்ஸில் இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள், வெயில் படாது. சுத்தப் பொய். பஸ் தெற்கே வருகிறது, சூரியன் கிழக்கே ஏறுகிறது, கிழக்கு இடது கைப்பக்கம். விருதுநகர் தாண்டுவதற்குள் இடது கன்னம் அப்பளமாகிவிடும். இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும், தெரிந்தேதான் எழுதினேன், எழுபத்தொரு வயதில், பல் தேய்த்து, காபி குடித்து, தெளிந்த மூளையோடு. இப்போது மடியில் ஒரு கட்டு முருங்கைக்கீரை, முன்னால் முக்காலியில் திறந்த கணினி. ஒரு கண் காம்பில், ஒரு கண் திரையில். இணுக்கைப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்தால் இலை எல்லாம் ஒரே உருவலில் கைக்குள் வந்துவிட வேண்டும். வராமல் நடுவில் தடுக்கி நின்றால் மறுபடி மேலே போக வேண்டும். மனசும் அப்படித்தான், இழுக்க இழுக்க ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. இருக்கிறாரா, இல்லையா. இருந்தால் வருவார். இப்படி ஒரு தப்பைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா இருக்க முடியாது. இருந்தால்.

அவர் என்று சொல்கிறேனே தவிர ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. பலகையில் அவர் பெயர் நிழல்பக்கம். அவ்வளவுதான் தெரியும், அவ்வளவுதான் தெரியக்கூடும். பயணம் போகிறவர்கள் கேள்வி கேட்பதும் போய் வந்தவர்கள் பதில் சொல்வதுமாக ஒரு இணையப் பலகை, அதற்குப் பெயரே ‘போய் வந்தவர்கள்’. அதை நடத்துவது நானும் வாணியம்பாடியில் மொபைல் கடை வைத்திருக்கும் யூனுஸும். சம்பளம் கிடையாது, விளம்பரம் கிடையாது, கோபித்துக்கொள்ளக்கூட ஆள் கிடையாது. எங்களை நாங்களே கோபித்துக்கொள்ள வேண்டியதுதான். விதிகளை எழுதியது நான். யூனுஸ் முதலில் எழுதியிருந்ததில் வரிக்கு வரி கூடாது, கூடாது, கூடாது. வாசித்தால் யாரோ கன்னத்தில் வரிசையாக அறைகிற மாதிரி இருந்தது. எல்லாவற்றையும் வேண்டாம் என்று மாற்றினேன். “அக்கா, வேண்டாம்னு சொன்னா எவனும் கேக்க மாட்டான், அது பந்தியில சொல்ற மாதிரி இருக்கு” என்றார். பந்தியில் சொல்கிற மாதிரியே இருக்கட்டும் என்றேன். போகாத ஊருக்கு வழி சொல்ல வேண்டாம். ஒரு பதிவில் ஒரு கேள்விக்கு மேல் வேண்டாம். அவசரம் என்று தலைப்பில் போட வேண்டாம், போட்டால் பதில் இன்னும் தாமதமாகும். சாப்பாட்டுக் கடையைப் பற்றி எழுதும்போது அம்மா சமையலோடு ஒப்பிட வேண்டாம், அதில் ஜெயிக்கிற கடை ஒன்றும் இல்லை. வணக்கம் வேண்டாம், நலமா வேண்டாம், நன்றி வேண்டாம். இந்தக் கடைசி விதியைக் கேட்டுத்தான் நிறையப் பேர் முகம் சுளித்தார்கள். என்ன செய்வது, கொல்லிமலைக்குக் கடைசி பஸ் எப்போது என்று ஒருவர் கேட்டு, ஒருவர் பதில் சொல்லி, அதற்குக் கீழே நாற்பது நன்றி, நாற்பது நன்றிக்கு நாற்பது பரவாயில்லை, அடுத்து வந்தவருக்குப் பஸ் நேரத்தைக் காணவில்லை. அன்றைக்கு வெட்டினேன். மூச்சு விட இடம் வந்தது பலகைக்கு. வந்தது வறண்ட காற்று என்று இப்போதுதான் தோன்றுகிறது.

இன்னும் ஒன்று வெட்டினோம். உறுப்பினர்கள் தங்களுக்குள் தனியாகச் செய்தி அனுப்பும் வசதி. தனியாகப் பயணம் போகிற பெண்கள் கேள்வி கேட்டால், பதிலைப் பலகையில் போடாமல் தனியாக வந்து, நீங்கள் எந்த ஊர், எந்த லாட்ஜ், நானும் அந்தப் பக்கம்தான் என்று வழிந்தார்கள் சிலர். எடுத்துவிடுங்கள் யூனுஸ், அடியோடு எடுத்துவிடுங்கள் என்றேன். அதோடு யார் எப்போது கடைசியாக வந்து போனார்கள் என்று காட்டும் வரியும் போயிற்று, அதை வைத்துக்கொண்டு காத்திருந்து பிடிக்கிறார்கள் என்று. பிறகு, உறுப்பினர் யாரைப் பற்றியும் யாரும் விசாரிக்க வேண்டாம் என்று ஒரு விதி. நல்ல விதிகள். இன்றைக்குக் கேட்டாலும் அதையே எழுதுவேன், ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன். அதனால்தான் நிழல்பக்கம் எங்கே என்று பலகையில் கேட்க எனக்கு வழியில்லை. நான் கேட்டால் நாளைக்கு யாரும் யாரையும் கேட்கலாம். பொங்கலுக்கு முன்னால் வந்ததுதான் அவருடைய கடைசிப் பதில். பங்குனி வந்துவிட்டது, ஒரு வரி இல்லை. தினமும் வருகிறவர். நாலு வருஷமாக, யார் எந்த ஊருக்குப் போகக் கேட்டாலும், வண்டி எது, நேரம் என்ன என்று மற்றவர்கள் சொல்லி முடித்ததும், கடைசியாக வந்து ஒரே ஒரு வரி வைத்துவிட்டுப் போவார். தெற்கே போகிற காலை வண்டி என்றால் வலது பக்கம். மாலை என்றால் இடது. திருச்சி தாண்டியதும் சாலை திரும்பும், அங்கே அரை மணி பொறுத்துக்கொள்ளவும். அவ்வளவுதான் அவர் சொல்வது. மனிதர்களை வெயில் படாமல் ஊர் கொண்டு சேர்ப்பது. யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் மட்டும் இரண்டு வரி வரும், கோபமான இரண்டு வரி. சூரியன் உங்களுக்காக மேற்கே உதிக்காது என்று ஒருவருக்கு எழுதினார். நான் தனியாக இருந்து சிரித்தேன். அன்றைக்கு அதற்கு ஒரு வார்த்தை எழுதக் கை வந்தது, எழுதவில்லை, எனக்கும்தானே விதி.

“யம்மா, கீரையை உருவுறீங்களா, கீரைக்குக் கதை சொல்றீங்களா? தண்ணி கொதிச்சு வத்திப் போச்சு” என்று உள்ளேயிருந்து இசக்கியம்மாள். எனக்கு வீட்டு வேலைக்கு வருகிறவள். வேலைக்கு வருகிறாளா என்னை வேலை வாங்க வருகிறாளா என்று சில நாள் சந்தேகம் வரும். “அணைச்சு வை, வரேன்” என்றேன். வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். “காலங்காத்தால அந்தப் பொட்டியத் தொறந்தாச்சா? அதுல என்ன, உங்க மாமியாரா இருக்கு, இப்படி முழிச்சுப் பாக்கீங்க?” என்றாள். எனக்கு மாமியாரும் கிடையாது, மாமியாருக்குப் பிள்ளையாகப்பட்டவரும் கிடையாது, அது அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் சொல்கிறாள், ஒரு நாளைக்கு ஒரு தடவை சொல்லாவிட்டால் அவளுக்குச் செரிக்காது. “ஒருத்தர் வரணும், காத்திருக்கேன்” என்றேன். “வீட்டுக்கா?” “இதுக்குள்ள.” “இதுக்குள்ள வர்றவங்களுக்கு எதுக்கு யம்மா கீரை” என்று சிரித்துக்கொண்டே போனாள். கேட்டால் சொல்லிவிடலாம், பொய் எழுதி ஒருவரை வரவழைக்கப் பார்க்கிறேன் என்று. சொன்னால் எளிதாகப் புரிந்துகொள்வாள். அவள் எதிர்வீட்டு லூர்துமேரியிடம் பேச வேண்டுமென்றால் அந்த வீட்டு வாசல் கோலத்தை வேண்டுமென்றே மிதித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள்.

பதில் வந்திருக்கிறது. முன்னால் குனிந்ததில் ஒரு கொத்து இலை தரையில் விழுந்தது. அவர் இல்லை. ‘தனியாப்போறவன்’ என்ற பெயரில் உலவும் ஒரு நல்ல பையன், கல்யாணம் ஆனவனாகவும் இருக்கலாம். நிர்வாகி சொன்னது சரி, போன மாதம் அந்தப் பஸ்ஸில் இடது பக்கம்தான் உட்கார்ந்தேன், ஏறியதும் தூங்கிவிட்டேன், வெயில் தெரியவே இல்லை என்கிறான். அட பாவி. அதற்குக் கீழே இன்னொருவர், ஆமாம், இடது பக்கம் குளுகுளுவென்று இருக்கும், அனுபவத்தில் சொல்கிறேன். எந்த அனுபவம்? எந்தச் சூரியன்? மூன்றாவது ஒருவர், ஏ.சி. பஸ்ஸில் போனால் இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று ஆரம்பித்து, ஏ.சி. பஸ்ஸில் திரைச்சீலை துவைக்கிறார்களா என்று கேட்டு முடித்திருக்கிறார், ஒரு பதிவில் இரண்டு விஷயம். என் பச்சைப் பட்டையைப் பார்த்துவிட்டுத்தான் இத்தனை பேர் சூரியனையே நகர்த்தி வைக்கிறார்கள். சிரிப்பு வருகிறது. மரியாதை இவ்வளவு தூரம் போகும் என்று நினைக்கவில்லை. சரி, அவர் வந்து ஒரு வரி எழுதினால் எல்லாம் நேராகிவிடும். எழுதட்டும். திட்டட்டும். நிர்வாகிக்குத் திசை தெரியாதா என்று கேட்கட்டும். தெரியும் ஐயா, தெரியும் அம்மா, நீங்கள் எந்தத் திசையில் இருக்கிறீர்கள் என்பதுதான் தெரியவில்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்த நாளில் இந்த மௌனத்தை நன்றாக அறிவேன். சாரா டக்கர் காலேஜில் பி.ஏ. முடித்த கையோடு அந்த வேலை, ஆங்கிலக் கவிதை படித்த காதில் ஹெட்போனை மாட்டிவிட்டார்கள். தூத்துக்குடியிலிருந்து பம்பாய், சாத்தான்குளத்திலிருந்து கொழும்பு. வயரை எடுத்துத் துளையில் செருகினால் இரண்டு ஊர் ஒன்றாகும். நாங்கள் பேசக் கூடாது. நடுநடுவே உள்ளே போய், பேசுறீங்களா, பேசுறீங்களா என்று மட்டும் கேட்கலாம். பேசிக்கொண்டிருந்தால் வெளியே வந்துவிட வேண்டும். சில சமயம் இரண்டு பக்கமும் ஆள் இருக்கும், இரண்டு பக்கமும் சத்தம் இருக்காது. லைன் அறுந்த மௌனம் வேறு, ஆள் இருக்கிற மௌனம் வேறு. அறுந்தது தட்டையாக இருக்கும், துணி விரித்த மாதிரி. ஆள் இருக்கிற மௌனத்தில் ஒரு கசகசப்பு உண்டு, மூச்சோ, புடவையோ, தூரத்தில் ஒரு சைக்கிள் மணியோ. நான் கேட்டதும் கண்டுபிடித்துவிடுவேன். சூப்பர்வைசர் எஸ்தர் மேடம் என்னைத்தான் கூப்பிடுவார், “ஏ தமயந்தி, இந்த லைன்ல உசிரு இருக்கா பாரு.” இருக்கு மேடம், அழுதுட்டு இருக்காங்க. அப்படியே விடு. விட்டுவிடுவோம். இந்தத் திரையில் மட்டும் அந்தக் காது வேலை செய்யவில்லை. இதில் அறுந்ததும் அறாததும் ஒரே வெள்ளை. நிழல்பக்கம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. கணக்கு மூடப்பட்டது என்றுகூட வராது, இறந்துபோனால் யார் வந்து மூடப்போகிறார்கள், வீட்டில் இருக்கிறவர்களுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே தெரிந்திருக்காது. நான் போனாலும் அப்படித்தான். பச்சைப் பட்டை அங்கேயே கிடக்கும். யூனுஸுக்காவது என் போன் நம்பர் தெரியும். அவருக்கு யாருடைய நம்பர் தெரியும்?

அவருடைய கடைசிப் பதில் எனக்கு மனப்பாடம். தென்காசியிலிருந்து மாலையில் ராஜபாளையம் போகிறோம், எந்தப் பக்கம் உட்கார என்று யாரோ கேட்டிருந்தார்கள். வலது பக்கம் என்று எழுதினார். பிறகு அவர் வழக்கத்துக்கு மாறாக இன்னும் கொஞ்சம். மலை பார்க்க வேண்டுமென்றால் இடது பக்கம், வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், இரண்டும் கிடைக்காது. இரண்டும் கிடைக்காது. அன்றைக்கு அது ஒரு தகவல். இரண்டு மாதம் கழித்து அதுவே ஒரு வாக்கியமாகிவிட்டது. இரவெல்லாம் அது எனக்குள் தாளம் போடுகிறது. அதைச் சொன்னது யாராக இருக்கும்? சில நாள் அவரை ரிட்டயர்ட் கண்டக்டராக வைத்துப் பார்ப்பேன், சில நாள் ஒரு கன்னியாஸ்திரியாக, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேனில் கூட்டிப் போய்ப் போய் வெயில் பக்கம் தெரிந்துகொண்டவராக. சில நாள் ஊர் ஊராக மருந்து விற்றவராக, மாத்திரை உருகிவிடும் என்று பையை நிழல் பக்கம் வைத்தவராக. ஒவ்வொரு நாளும் ஒரு ஆளை உண்டாக்குகிறேன், பிறகு அந்த ஆளுக்கு ஒரு வியாதியையும் உண்டாக்குகிறேன், அந்த வியாதியில் அவரைப் படுக்கவைத்துவிட்டு எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. இதற்கு முடிவு கட்டத்தான் இன்றைக்கு விடிந்ததும் அந்தப் பொய். யாருக்கும் கெடுதல் வராத பொய்யாகத் தேடினேன். பஸ் நேரத்தைத் தப்பாகச் சொன்னால் யாராவது வண்டியை விடுவார்கள். வழியைத் தப்பாகச் சொன்னால் அலைவார்கள். வெயில் என்றால் என்ன, கொஞ்சம் முகம் கருக்கும், எழுந்து இடம் மாறிக்கொள்வார்கள். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அனுமதிக்குக் காத்திருக்கும் வரிசையில் ஒன்று வந்து விழுந்திருக்கிறது. புதிதாகச் சேர்கிறவர்களின் முதல் பதிவை நான் பார்த்து அனுமதித்தால்தான் பலகையில் ஏறும். திறந்தேன். குழந்தையோடு ஒரு தாய். மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறோம், திருநெல்வேலி பஸ், பாப்பாவுக்கு வெயில் பட்டால் உடம்பெல்லாம் தடித்துப்போகும், டாக்டரைப் பார்க்கத்தான் வருகிறோம், எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்தோம், உங்கள் பதிவைப் பார்த்து இடது பக்கம் இரண்டு சீட் பிடித்துவிட்டோம், நிர்வாகிக்கு ரொம்ப நன்றி. நன்றி. என் பலகையில், எனக்கு, நன்றி. மடியிலிருந்த கீரை எல்லாம் எப்படித் தரைக்குப் போயிற்றென்று தெரியவில்லை, எழுந்து நின்றுகொண்டிருந்தேன். திருத்தினால் என் தூண்டில் போயிற்று. நிர்வாகியே தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகு அவர் எதற்கு வரப்போகிறார், திருத்த ஒன்றும் இல்லாத இடத்தில் அவருக்கு என்ன வேலை. இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் பத்து நிமிஷம், பஸ் இன்னும் கிளம்பியிருக்காது, மதுரை ஊருக்குள் கட்டிடங்களின் நிழல் இருக்கும், திருமங்கலம் வரை ஒன்றும் ஆகாது. யார் இந்தக் கணக்கைப் போடுகிறது? நானா? ஒரு குழந்தையின் தோலை வைத்தா? சீ என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல, இசக்கியம்மாள் என்ன யம்மா பல்லியா என்றாள். உட்கார்ந்தேன். மூன்று தடவை அழித்து எழுதினேன். நான் எழுதியது தவறு. இடது பக்கம் வெயில் படும். உடனே வலது பக்கம் மாறுங்கள். கண்டக்டரிடம் குழந்தையைக் காட்டிச் சொல்லுங்கள். அவளுடைய பதிவையும் நன்றியோடு அப்படியே அனுமதித்தேன், அந்த வார்த்தையை வெட்டக் கை வரவில்லை. மேலே இருந்த என் பொய்யின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டேன். அழிக்கவில்லை. அழித்தால் அது இன்னொரு பொய்.

பிறகு அந்தப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். அவருக்காகக் காத்திருப்பது போய் அவளுக்காகக் காத்திருப்பது. கீழே குனிந்து கீரையைப் பொறுக்கினேன், ஒவ்வொரு இலையாக, சின்னச் சின்னப் பச்சைக் காசு மாதிரி. திரும்பத் திரும்பத் திரையைப் பார்த்தேன். அவள் போனைப் பைக்குள் போட்டிருந்தால்? குழந்தை அழுது அவள் பார்க்காமலே போயிருந்தால்? பெயரும் தெரியாது, நம்பரும் தெரியாது, எல்லாம் நானே போட்ட பூட்டு. அப்போது வந்தது. மாறிவிட்டோம். கண்டக்டர் திட்டினார், சீட் போட்டுவிட்டு மாறுகிறீர்களே என்று, பாப்பா அவர் விசிலைப் பிடித்து இழுத்தாள், சிரித்துவிட்டார். வலது பக்கம் நிழல்தான். நன்றி. இரண்டாவது நன்றி. நாற்காலியில் சாய்ந்துகொண்டேன். சின்ன மூச்சுகளாக விட்டேன், பெரிதாக விட்டால் அழுதுவிடுவேன் என்று. ஆக, முடிந்தது. குழந்தை நிழலில் வருகிறது. நிழல்பக்கம் வரப்போவதில்லை. இரண்டும் கிடைக்காது என்று அவரே சொல்லிவிட்டுத்தானே போனார். தனியாப்போறவன் வந்து, அப்படியானால் நான் தூங்கியதால்தான் தெரியவில்லை போல என்று எழுதியிருக்கிறான். நல்ல பையன். குளுகுளு என்று சொன்னவரைக் காணவில்லை. இன்னொரு தடவை இதைச் செய்ய மாட்டேன். செய்தால் என் பலகைக்கு நானே தகுதியில்லை. அப்படியென்றால் இனி அவரைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. சரி. தெரியாமலே இருக்கட்டும். ஏதோ ஒரு ஊரில் ஏதோ ஒரு ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருப்பதாகவே வைத்துக்கொள்கிறேன், எந்தப் பக்கம் என்று சொல்லவா வேண்டும்.

போன் அடித்தது. யூனுஸ். பின்னால் கடை ஷட்டர் ஏற்றுகிற சத்தம், எங்கோ ஒரு புரோட்டாக் கல் தட்டுகிற சத்தம். “அக்கா, எப்படி இருக்கீங்க?” என்றார். எடுத்த எடுப்பில் இந்த மனிதர் அதைக் கேட்டதே இல்லை, அவரும் விதிப்படிதான் பேசுவார், சர்வர் மெதுவா இருக்குக்கா என்றுதான் ஆரம்பிப்பார். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்றேன். “இல்ல, உண்மையச் சொல்லுங்க. தலை கிலை சுத்துதா? வாய் கோணுதா? கூட யாராச்சும் இருக்காங்களா?” “யூனுஸ், என்ன ஆச்சு உங்களுக்கு?” “எனக்கு ஒண்ணும் ஆகலக்கா. உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு.” எனக்குப் புரியவில்லை. புகார் வந்தால் எனக்குத்தான் வரும், நான்தான் பார்ப்பேன். “நிர்வாகி மேல வந்தா அந்த நிர்வாகிக்குக் காட்டாதுக்கா, அடுத்த ஆளுக்குத்தான் வரும். நீங்கதானே அப்படி வைக்கச் சொன்னீங்க, நம்ம தப்ப நாமளே விசாரிக்கக் கூடாதுன்னு. நிர்வாகி தப்பு பண்ணா பலகையில சண்டை போட வேண்டாம், புகார்ப் பொத்தானை அழுத்துங்கன்னு எழுதுனதும் நீங்கதான். ஒருத்தராச்சும் அதப் படிச்சிருக்காங்களேன்னு எனக்கே ஆச்சரியம்.” நான் எழுதினேனா? எழுதியிருப்பேன். யாரும் படிக்காத கடைசி விதி, நானே மறந்துபோன விதி. “காலையில நீங்க பதிவு போட்ட கொஞ்ச நேரத்துலயே வந்திருக்கு. நான் இப்பத்தான் கடையத் தொறந்து பாக்குறேன்” என்றார். “யாரு?” என்றேன். “யாரு யூனுஸ்?” “நம்ம நிழல்பக்கம்தான்க்கா. வேற யாரு, வெயிலுக்குப் பஞ்சாயத்து வெக்கிறது.”

“அக்கா? லைன்ல இருக்கீங்களா?” இருக்கேன். இருக்கேன். படியுங்க. “படிக்கிறேன், கேளுங்க. மதுரை திருநெல்வேலி காலைப் பஸ்ஸில் இடது பக்கம் வெயில் படும். இது எல்லாருக்கும் தெரியும், இந்த நிர்வாகிக்கும் தெரியும். நாலு வருஷத்தில் இவர் ஒரு எழுத்து தவறாக எழுதியதில்லை. இப்படி எழுதியிருக்கிறார் என்றால் உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கிறது. தயவுசெய்து போன் செய்து விசாரியுங்கள். தனியாக இருக்கிறவர் என்று நினைக்கிறேன், எழுத்தில் தெரிகிறது. நானே விசாரித்திருப்பேன், விதி இடம் தரவில்லை. இரண்டு மாதமாகக் கண்ணில் கட்டுப் போட்டு உட்காரவைத்துவிட்டார்கள், பக்கத்து வீட்டுப் பெண் தினமும் பலகையைப் படித்துக் காட்டுகிறாள், பதில் எழுதச் சொன்னால் அவளுக்கு நேரமில்லை என்கிறாள். இன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறாள். உடனே விசாரியுங்கள். அவ்வளவுதான்க்கா.” யூனுஸ் நிறுத்தினார். அவர் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர் கடந்து போயிற்று. நாலு வருஷத்தில் அவர் எழுதிய எல்லாவற்றையும் சேர்த்தாலும் இத்தனை நீளம் வராது. எழுத்தில் தெரிகிறதாம். பஸ் நேரத்திலும் பக்கத்திலும் என்ன தெரிந்ததோ. தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார், நான் வெட்டியதையும் ஒட்டியதையும் யாரோ ஒரு பெண் குரலில். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன், மூக்கு வழியாக வந்தது, கண் வழியாகவும் வந்தது.

“அக்கா, அழுறீங்களா?” “இல்ல, சிரிக்கிறேன்.” “ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. சரி, உடம்பு நல்லாத்தானே இருக்கு? அப்ப ஏன் அப்படி எழுதுனீங்க?” ஏன் எழுதினேன் என்று அவருக்கு எங்கே ஆரம்பித்துச் சொல்வது. “தெரிஞ்சேதான் எழுதினேன் யூனுஸ். தெரிஞ்சே தப்பா எழுதினா என்ன தண்டனை?” “ஒரு மாசம் எழுத முடியாது, படிக்க மட்டும்தான். நீங்கதானே வெச்சீங்க.” “போடுங்க.” “அக்கா, விளையாடாதீங்க. ஒரு மாசம் வரிசைய நான் ஒருத்தனா பாக்கணுமா?” “பாருங்க. புதுசா வர்றவங்க நன்றி சொன்னா ஒண்ணு ரெண்ட விட்டுடுங்க.” ஐயோ இவங்களுக்கு நிஜமாவே என்னமோ ஆயிடுச்சு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், எனக்குக் கேட்கிற மாதிரியே. பிறகு, “சரி, இந்தப் புகாருக்கு என்ன பதில் போட? நல்லா இருக்கீங்கன்னு எழுத இதுல இடமில்லக்கா. ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது, ரெண்டே பொத்தான்தான் இருக்கு.” “எழுத இடமே இல்லையா?” “இடம் விட்டா பேச்சு வளரும்னு சொன்னீங்களே.” சொல்லியிருப்பேன். என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன். “நிராகரிக்கப்பட்டதுன்னு போட்டா உங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னு அர்த்தம். ஏற்கப்பட்டதுன்னு போட்டா அவர் சொன்னது சரின்னு அர்த்தம், பயந்துடுவாரு. எதப் போட?” கதவுக்குப் பக்கத்தில் இசக்கியம்மாள் கரண்டியோடு வந்து நின்றுகொண்டு, யாரு, என்ன என்று கையால் கேட்டாள். “என் மேல புகார் குடுத்திருக்காங்க” என்றேன். “அதுக்கா இந்தச் சிரிப்பு?” என்றாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன், உள்ளே அந்தப் பக்கத்தின் கசகசப்பு எல்லாம் கேட்டது. “ஏத்துக்கிட்டதாவே போடுங்க யூனுஸ்” என்றேன், “நிராகரிச்சா நான் எழுதுனது சரின்னு ஆயிடும். பயப்பட வேண்டாம். அந்தப் பொண்ணு நாளைக்குப் பலகையைப் படிக்கும்போது பச்சைப் பட்டைக்குப் பக்கத்துல தண்டனைன்னு இருக்கும், ஒரு மாசம்னு இருக்கும். நல்லா இருக்கிறவங்களுக்குத்தானே தண்டனை குடுப்பாங்க. அவரு புரிஞ்சுக்குவாரு.”